படகுக்கு வழி சொன்னவர்



துருவப் பிரதேசங்களை நாடிச் சென்ற வீரர்களின் கதைகளை நீங்கள் பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவர்களுள் எர்னஸ்ட் ஷாக்கல்டன் என்ற பெயரும் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். கப்பல் பனிக்கட்டியில் சிக்கி நொறுங்கிய பின்னும், தம்முடன் அக்கப்பலில் இருந்த இருபத்தேழு பேரில் ஒருவரையும் இழக்காமல் மீட்டுக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் புகழ் அவருக்கு முற்றிலும் உரியதே. ஆனால் அந்தக் கதையைச் சற்று நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கொந்தளிக்கும் கடலைக் கடந்து, ஒரு சிறு படகு ஒரு சிறு தீவைப் போய்ச் சேர்ந்ததே, அந்தத் தீவு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அந்தப் படகுக்குச் சொன்னவர் யார்?

அவர் பெயர் பிராங்க் வோர்ஸ்லி. எண்டியூரன்ஸ் என்னும் அந்தக் கப்பலின் தலைவர் அவர்தாம். ஷாக்கல்டன் பயணம் முழுமைக்கும் தலைவர். கப்பலை நடத்தும் பொறுப்பு வோர்ஸ்லியுடையது. உலகம் முன்னவரை நினைவில் வைத்தது. பின்னவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. இன்று அவரைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

வோர்ஸ்லி 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் நியூசிலாந்தில் அக்கரோவா என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். பள்ளிப் பருவம் முடியும் தறுவாயிலேயே, 1888-ஆம் ஆண்டில், பாய்மரக் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்துவிட்டார். பின்னர் நியூசிலாந்து அரசின் கப்பல்களில் பணியாற்றிப் பசிபிக் கடலில் பலகாலம் பழகினார். காற்றின் போக்கையும் அலையின் குணத்தையும் சிறு படகின் சுபாவத்தையும் அவர் கற்றது அங்கேதான். உற்சாகம் மிக்கவர், விளையாட்டுத்தனமும் உண்டு. பனிப் பிரதேசத்தில் வெற்றுடம்போடு பனியில் குதித்துக் குளிப்பதை வேடிக்கையாகக் கொண்டவர். மாலுமிகளைக் கண்டிப்பாக அடக்கி ஆளும் தலைவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அதனால் தொடக்கத்தில் ஷாக்கல்டனுக்கே அவரிடம் முழு நிறைவு ஏற்படவில்லை. அந்தக் குறையெல்லாம் மறந்துபோகும் வேளை ஒன்று பின்னால் வரவிருந்தது.

எண்டியூரன்ஸ் 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. தென்துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நிலவழியாகக் கடப்பது நோக்கம். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் தென் ஜார்ஜியாத் தீவிலிருந்து கிளம்பி வெடல் கடலுக்குள் நுழைந்தது. 1915 ஜனவரியில், கரையை எட்டுவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், பனிக்கட்டிகள் நான்கு புறமும் இறுகிக் கப்பலைப் பிடித்துக்கொண்டன. அதன்பின் கப்பல் தன் விருப்பப்படி செல்லவில்லை. பனிக்கட்டி நகர்ந்த பக்கமெல்லாம் தானும் நகர்ந்தது.

அந்த மாதங்களில் வோர்ஸ்லி செய்த வேலை ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. வானம் தெளிந்தபோதெல்லாம் சூரியனையோ விண்மீன்களையோ அளந்து, கப்பல் இன்று எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுக் குறித்துவைத்தார். நீண்ட குளிர்கால இரவில், ஜேம்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியோடு சேர்ந்து, சந்திரன் விண்மீன்களை மறைக்கும் கணத்தைக் கவனித்துத் தம் கடிகாரங்களின் பிழையைக் கண்டறிந்தார். கப்பல்தான் அசையவில்லையே, வழியும் இல்லையே, இந்தக் கணக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கலாம். விடை கேட்பவர் எவரும் இல்லாத வேளையிலும் கணக்கைச் சரியாகப் போடுவதே அவர் வழக்கம்.

1915 அக்டோபர் 27-ஆம் நாள் கப்பலைக் கைவிட்டு எல்லாரும் பனிக்கட்டியின் மேல் இறங்கினர். நவம்பர் 21-ஆம் நாள் எண்டியூரன்ஸ் மூழ்கியது. மூழ்கிய இடத்தை வோர்ஸ்லி தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

மிதக்கும் பனிப்பாறையின் மேல் கூடாரமடித்து ஐந்து மாதத்துக்கு மேல் கழித்தார்கள். 1916 ஏப்ரல் 9-ஆம் நாள் அந்தப் பாறையும் பிளந்தது. மூன்று சிறு படகுகளில் ஏறிக் கரை தேடிப் புறப்பட்டனர். மூன்று நாட்கள் மேற்கு நோக்கித் துடுப்புப் போட்டார்கள், பாய் விரித்தார்கள். நல்ல தூரம் வந்துவிட்டோம் என்று எல்லாரும் நம்பினார்கள். அப்போது சூரியன் தென்பட்டது. வோர்ஸ்லி அளந்து கணக்கிட்டார். விடை என்ன தெரியுமா? மேற்கே முன்னேறுவதற்குப் பதிலாக, புறப்பட்ட இடத்திலிருந்து முப்பது மைல் கிழக்கே தள்ளப்பட்டிருந்தார்கள். நீரோட்டம் அவர்களைப் பின்னுக்கு இழுத்திருந்தது. இப்படிப்பட்ட விடை வந்தால், "கணக்கில் ஏதோ பிழை" என்று எண்ணிக்கொள்ள மனம் எவ்வளவு ஆசைப்படும்! வோர்ஸ்லி அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. வந்த விடையை வந்தபடியே ஷாக்கல்டனிடம் சொன்னார். படகுகள் திசையை மாற்றிக்கொண்டன. ஏப்ரல் 15-ஆம் நாள் எலிபண்ட் தீவில் கரையேறினார்கள். ஓராண்டு நான்கு மாதங்களுக்குப் பிறகு அவர்கள் காலடியில் அசையாத நிலம் கிட்டியது.

ஆனால் அந்தத் தீவில் மனிதர் வாசம் இல்லை. எந்தக் கப்பலும் அந்த வழியாக வருவதில்லை. யாரேனும் சென்று உதவி கொண்டுவர வேண்டும். எங்கே செல்வது? தென் அமெரிக்காவின் முனையும் பாக்லாந்துத் தீவுகளும் தூரத்தில் அருகு. ஆனால் அக்கடலில் காற்று எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அந்தக் காற்றை எதிர்த்துச் சிறு படகு செல்லாது. ஆகவே தொலைவில் இருந்தாலும், காற்று தள்ளிக்கொண்டு போகக்கூடிய திசையில் இருந்த தென் ஜார்ஜியாவே தகுந்தது என்று முடிவாயிற்று. அங்கே திமிங்கில வேட்டைக்காரரின் நிலையங்கள் இருந்தன.

இருந்த படகுகளுள் பெரியது ஜேம்ஸ் கெயர்ட். பெரியது என்றாலும் நீளம் இருபத்திரண்டரை அடிதான். ஹாரி மக்நிஷ் என்ற தச்சர், கிடைத்த மரத்துண்டுகளையும் பெட்டி மூடிகளையும் சறுக்கு வண்டியின் சட்டங்களையும் கொண்டு அதற்கு ஒரு மேல்தட்டு அமைத்து, மேலே கித்தான் துணியைத் தைத்து மூடினார். ஷாக்கல்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன், மக்நிஷ், ஜான் வின்சென்ட், திமத்தி மெக்கார்த்தி ஆகிய அறுவர் ஏறிக்கொண்டனர். 1916 ஏப்ரல் 24-ஆம் நாள் படகு புறப்பட்டது. இருபத்திரண்டு பேர் கரையில் நின்று கையசைத்தார்கள். இவர்கள் ஆறு பேர் தீவைத் தவறவிட்டால், கரையில் நிற்கும் அவர்களுக்கும் வேறு நம்பிக்கை அரிது.

இங்கே உங்களுக்கு ஒரு சிறு பாடம் நடத்தியாக வேண்டும். நான் கணித ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன், பழக்கம் விடுவதில்லை. திரிகோணமிதியைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த விடைகளுள் சிறந்தது இந்தப் படகுதான்.

கடலின் நடுவே மைல்கல் கிடையாது. மாலுமி தன் இடத்தை அறிய இரண்டு எண்களை அறிய வேண்டும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்ட் என்னும் கோணமளக்கும் கருவியால் அளந்தால் அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். பூமி இருபத்து நான்கு மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டதாக இருப்பது ஏன்? 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு அதை வகுத்திருப்பதனால்தான். 82½-ஐப் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள், ஐந்தரை வரும். இதையே மாலுமி தலைகீழாகச் செய்கிறான். சூரியனை அளந்து தான் இருக்கும் இடத்தின் நேரத்தைக் காண்கிறான்; கிரீன்விச் நேரத்தைக் காட்டும் குரோனோமீட்டர் என்ற நுண்கடிகாரத்தோடு ஒப்பிடுகிறான்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அவனுடைய தீர்க்கரேகை.

கடிகாரம் ஒரு நிமிடம் பிழையானால் என்ன ஆகும்? தீர்க்கரேகையில் கால் பாகை பிசகும். தென் ஜார்ஜியா இருக்கும் அட்சரேகையில் அது எட்டு ஒன்பது கடல்மைல். எண்டியூரன்ஸ் புறப்பட்டபோது இருபத்து நான்கு நுண்கடிகாரங்கள் இருந்தன என்று வோர்ஸ்லி எழுதியிருக்கிறார். படகில் ஏறும்போது நம்பத்தகுந்ததாக எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. புறப்படும் அன்று காலை நல்வாய்ப்பாகச் சூரியன் எட்டிப்பார்க்க, எலிபண்ட் தீவின் இடத்தைக் கொண்டு அந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார். செக்ஸ்டன்ட் கூட ஹட்சன் என்ற சக மாலுமியிடமிருந்து வாங்கியது.

வகுப்பறையில் கோணம் அளப்பது எளிது, மேஜை அசையாது. வோர்ஸ்லியின் படகோ அலையின் உச்சிக்கு ஏறும், அடுத்த கணம் பள்ளத்தில் விழும். பள்ளத்தில் இருக்கும்போது நான்கு புறமும் நீர்ச்சுவர், தொடுவானமே தெரியாது. அந்தப் பருவத்தில் அங்கே நண்பகல் சூரியன் இருபது பாகை உயரத்தைக்கூட எட்டுவதில்லை. அதுவும் மேகத்துக்குப் பின்னால். வோர்ஸ்லி படகின் குறுக்குப் பலகையில் மண்டியிட்டு நிற்பார். இருவர் அவரை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். படகு அலையின் உச்சிக்கு வரும் ஒரு கணத்தில், சூரியனையும் உத்தேசமான ஒரு தொடுவானத்தையும் ஒன்றுசேர்த்துக் கூவுவார். கித்தான் மறைவில் கடிகாரத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டிருக்கும் ஷாக்கல்டன் அந்தக் கணத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு வோர்ஸ்லி தவழ்ந்து உள்ளே சென்று கணக்குப் போட வேண்டும். மாலுமிகளின் பஞ்சாங்கமும் கணித அட்டவணைகளும் நனைந்து கூழாகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, விறைத்த விரல்களால் எழுத வேண்டும். அந்தப் பதினேழு நாட்களில் சூரியன் அளக்கும்படியாகத் தென்பட்ட வேளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்ற நாட்களிலெல்லாம் வேகம் இவ்வளவு, திசை இது, காற்று தள்ளியது இவ்வளவு என்று உத்தேசக் கணக்குத்தான்.

இதற்கிடையில் அவர் சுக்கான் பிடிக்கும் முறையையும் தவறவிடவில்லை. பனி படகின் மேல் கல்லாய் உறைந்து அதை அமிழ்த்தப் பார்த்தது. முறை வைத்துக்கொண்டு அந்தப் பனியை வெட்டி எறிந்தார்கள். ஒருமுறை நெடுநேரம் சுக்கானருகே குந்தியிருந்து எழுந்தபோது வோர்ஸ்லியின் உடல் மடங்கியபடியே விறைத்துவிட்டது. தோழர்கள் தேய்த்துவிட்டு நிமிர்த்திய பிறகே அவரைப் படுக்கைப் பைக்குள் இட முடிந்தது.

மே மாதம் 7-ஆம் நாள் வந்தது. தீவு அருகில் இருக்க வேண்டும். அன்று மூடுபனி, சூரியனின் விளிம்பு கலங்கித் தெரிந்தது. விளிம்பை அளக்க முடியாமல், வட்டத்தின் நடுவை உத்தேசமாக அளந்தார் வோர்ஸ்லி. கணக்கை முடித்துவிட்டு ஷாக்கல்டனிடம் அவர் சொன்ன செய்திதான் இந்தக் கதையின் உயிர்நிலை என்பது என் கருத்து. நம்முடைய இடத்தைப் பத்து மைலுக்குள் உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது என்றார் அவர்.

இந்தச் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் நனைந்து, குளிர்ந்து, தாகத்தால் நா வறண்டு கிடக்கும் மனிதர்கள் வழிகாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இதோ, நேரே போங்கள்" என்று சொல்வதுதான் அவர்களுக்கு இனிக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் பாராட்டும் கிடைத்திருக்கும். வோர்ஸ்லி தம் விடையை மட்டும் சொல்லவில்லை. தம் விடையின் பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பத்து மைல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

எப்படி என்று கேட்பீர்கள். திமிங்கில வேட்டை நிலையங்கள் தீவின் வடகிழக்குக் கரையில் இருந்தன. தீவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு அங்கே நேராகச் செல்வதே எல்லாருடைய விருப்பமும். ஆனால் பத்து மைல் பிசகு இருந்து, முனையைத் தவறவிட்டுத் தாண்டிவிட்டால், மேற்குக் காற்று படகைப் பரந்த அட்லாண்டிக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வருதல் இயலாது. ஆகவே ஷாக்கல்டன் ஆசையை அடக்கிக்கொண்டார். தீவு நூற்று அறுபது கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. அதன் மேற்குக் கரையை நோக்கிச் சென்றால், பத்து மைல் இப்படி அப்படிப் பிசகினாலும் தீவு தப்பாது. மனிதர் இல்லாத கரைதான், ஆயினும் கரை. அப்படியே முடிவு செய்தார். உண்மையைச் சொல்லும் வழிகாட்டி ஒருவரும், அதைக் கேட்கும் தலைவர் ஒருவரும் ஒரே படகில் இருந்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்பவர் இருந்து கேட்பவர் இல்லையென்றாலும் பயன் இல்லை.

மே 8-ஆம் நாள் காலை மிதக்கும் கடற்பாசி தென்பட்டது. நீர்க்காகங்கள் தென்பட்டன; அவை கரையை விட்டு வெகுதூரம் பறப்பதில்லை. நண்பகல் கழிந்த சிறிது நேரத்தில், மேகம் விலக, மெக்கார்த்தி கருநிறப் பாறைகளைக் கண்டு கூவினார். தென் ஜார்ஜியா! கணக்கு பொய்க்கவில்லை. உடனே கரையேற முடிந்ததா என்றால், இல்லை. அன்றிரவு சூறாவளி எழுந்து பாறைகளின் மேல் படகை மோதப் பார்த்தது. அதையும் தாங்கி, மே 10-ஆம் நாள் ஹாகோன் மன்னர் விரிகுடாவில் கரை சேர்ந்தார்கள்.

எஞ்சியது நிலவழி. நடுவே மலைகளும் பனியாறுகளும். உட்பகுதிக்கு வரைபடம் கிடையாது. ஷாக்கல்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் மே 19-ஆம் நாள் அதிகாலையில் புறப்பட்டு, முப்பத்தாறு மணி நேரம் நடந்து, ஸ்ட்ராம்னஸ் என்ற வேட்டை நிலையத்தை அடைந்தனர். அன்றிரவே வோர்ஸ்லி ஒரு வேட்டைக் கப்பலில் ஏறி, மறுபுறம் விட்டுவந்த மூவரை அழைத்துவரப் போனார். குளித்து, முகம் மழித்து, புத்தாடை அணிந்து வந்த அவரை அந்த மூவரும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லையாம். "தலைவரே வருவார் என்று எண்ணினோம், யாரோ அந்நியரை அனுப்பிவிட்டாரே" என்ற பொருள்பட அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

எலிபண்ட் தீவில் காத்திருந்த இருபத்திரண்டு பேரை மீட்க மூன்று கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பனிக்கட்டியால் திரும்பின. நான்காவதாக, சிலி நாட்டின் யெல்ச்சோ என்னும் சிறு கப்பல், லூயிஸ் பார்தோ என்பவர் தலைமையில், 1916 ஆகஸ்டு 30-ஆம் நாள் தீவை அடைந்தது. ஷாக்கல்டனும் வோர்ஸ்லியும் கிரீனும் அதில் இருந்தனர். கரையில் அசைந்த உருவங்களை எண்ணினார்கள். இருபத்திரண்டும் இருந்தன.

வோர்ஸ்லி பின்னரும் வாளாவிருக்கவில்லை. முதல் உலகப் போரில், 1917 செப்டம்பர் 26-ஆம் நாள், தாம் நடத்திய கப்பலாலேயே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை மோதி மூழ்கடித்து விருது பெற்றார். 1921-இல் ஷாக்கல்டனின் கடைசிப் பயணத்திலும் குவெஸ்ட் கப்பலின் தலைவராகச் சென்றார். 1922 ஜனவரி 5-ஆம் நாள் ஷாக்கல்டன் அதே தென் ஜார்ஜியாவில் உயிர் நீத்தார். வோர்ஸ்லி 1943 பிப்ரவரி 1-ஆம் நாள் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய அஸ்தியைத் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் தூவினார்கள். அந்தப் படகு இன்று லண்டனில், ஷாக்கல்டன் படித்த டல்விச் கல்லூரியில் இருக்கிறது.

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருகிறேன். எண்டியூரன்ஸ் மூழ்கி நூற்றாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மார்ச் 5-ஆம் நாள், ஆராய்ச்சியாளர் ஒரு குழு வெடல் கடலின் அடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தது. எங்கே தேடுவதென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வோர்ஸ்லி எழுதிவைத்த இடத்தைச் சுற்றித்தான் தேடினார்கள். கப்பல் கிடந்த இடம் அவர் குறித்த இடத்துக்குத் தெற்கே ஏறக்குறைய நான்கு கடல்மைல் தூரமே. கப்பலை இழந்து, அடுத்த வேளைச் சோற்றுக்குக் கடல்நாயைத் தேடும் நிலையில், பனிக்கட்டியின் மேல் நின்று ஒரு மனிதர் எழுதிய எண் அது. கணக்குப் போட்டவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றும் கணக்கு நின்றது. இதைவிடப் பெரிய நற்சான்று ஒரு மாலுமிக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவும் செய்தவர் பெயர் ஏன் பரவவில்லை? காரணம் எளிது. தலைவரின் செயல் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் கட்டளை இடுகிறார், ஊக்கம் ஊட்டுகிறார், தம் கையுறையைக் கழற்றி மற்றவனுக்குக் கொடுக்கிறார். அவற்றைக் கதையாகச் சொல்லலாம், படமாக வரையலாம். ஈரத்தாளில் பென்சிலால் போட்ட கூட்டல் கழித்தலை யார் படமாக வரைவார்கள்? பிழை நேர்ந்திருந்தால் வோர்ஸ்லியின் பெயரைச் சொல்லவும் ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார்கள். பிழை நேராததனால், தீவு தானே எதிரில் வந்து நின்றதுபோல் கதை அமைந்துவிட்டது.

வோர்ஸ்லியாவது பட்டமும் பதக்கமும் பெற்றார், நூல்களும் எழுதினார். படகுக்கு மேல்தட்டு அமைத்த தச்சர் மக்நிஷுக்கோ, தோழர் பலருக்குக் கிடைத்த துருவப் பதக்கம் கிடைக்கவில்லை. இடையில் ஒருநாள் கட்டளையை மறுத்து நின்றார் என்பதை ஷாக்கல்டன் மறக்கவில்லை. அந்தத் தட்டு இல்லாவிட்டால் முதல் பேரலையிலேயே படகு நிறைந்திருக்கும். ஷாக்கல்டனின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் புகழைப் பேசும்போது, அந்தப் புகழுக்குக் கீழே தோள் கொடுத்து நிற்பவர் யாரென்று குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மாணவர்களே, பள்ளிகளில் நாங்கள் விடைக்கு மதிப்பெண் கொடுக்கிறோம். விடை எவ்வளவு நம்பத்தகுந்தது என்று மாணவனைக் கேட்பது அரிது. ஆய்வுக்கூடத்தில் அளந்து வந்த எண் புத்தகத்து எண்ணோடு ஒத்துவராவிட்டால், ஒத்துவரும்படி திருத்தி எழுதிவிடும் மாணவர்கள் உண்டு, நீங்களும் அறிவீர்கள். அது வெறும் குறிப்பேட்டில் செய்த சிறு தந்திரம் என்று தோன்றும். ஆனால் நாளை உங்களுள் ஒருவர் பாலத்துக்குக் கணக்குப் போடுவார். ஒருவர் மருந்தின் அளவைக் குறிப்பார். ஒருவர் புயல் எங்கே கரை கடக்கும் என்று அறிவிப்பார். அப்போது உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இனிப்பான விடையைச் சொல்லத் தோன்றும். அந்த வேளையில், "பத்து மைல் பிசகு இருக்கலாம்" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வர வேண்டும். அந்தத் துணிவை அன்றைக்குத் திடீரென்று தேடினால் கிடைக்காது. இப்போதே, யாரும் பார்க்காத சிறு கணக்குகளில், பழகிக்கொள்ள வேண்டும். பனியில் சிறைப்பட்ட கப்பலில், விடை கேட்க எவரும் இல்லாத மாதங்களில், வோர்ஸ்லி பழகியது அதைத்தான்.